வாசகர் கேள்வி–பதில்: மலை ஊற்றும் கேன் தண்ணீரும்

கேள்வி: அழகர்மலைக்குச் சென்றால் நூபுர கங்கையில் நீராடிவிட்டு, ஒரு கேனில் நீர் பிடித்து வருவது எங்கள் குடும்ப வழக்கம். கடையில் விற்கும் ‘மினரல் வாட்டரை’ விட அதுவே உயர்ந்தது என்கிறார் என் மாமனார். சரிதானா, ஐயா?
– வாசகி, மேலூர்

பதில்: பாதி சரி. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ‘இயற்கைக் கனிம நீர்’ என்பது நிலத்தடியிலிருந்து தானாக ஊறியோ துளையிட்டோ வெளிவந்து, வெளிவரும் இடத்துக்கு அருகிலேயே புட்டியில் அடைக்கப்படுகிற, கனிமங்களின் அளவு பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறாத நீராகும். காற்றேற்றியோ தெளியவைத்தோ வடிகட்டியோ இரும்பு, மாங்கனீசு போன்றவற்றைப் பிரிக்கலாமே தவிர, அதன் இயல்பான கனிமச் சேர்க்கையை மாற்றக் கூடாது. இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 13428. மதுரைத் தெருக்களில் மூன்று சக்கர வண்டியில் வரும் 20 லிட்டர் கேனில் இருப்பதோ பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர், அது ஐ.எஸ். 14543 என்ற வேறு எண்ணின் கீழ் வருவது. ஆர்.ஓ. சவ்வில் கனிமங்களைப் பெருமளவு களைந்துவிட்டு, அந்த நீருக்கே ‘மினரல் வாட்டர்’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நாம்தான்!

மீதிப் பாதிக்கு வருவோம். அழகரின் உற்சவத் திருமேனிக்கு நூபுர கங்கை நீரில்தான் திருமஞ்சனம் என்பது நெடுங்கால மரபு. அதன் பெருமையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஊற்றுக்கண்ணில் தூய்மையாக இருக்கும் எந்த நீரும், அதைத் தாண்டித் திறந்தவெளிக்கு வந்தவுடன் இலைச்சருகையும் குரங்குகளையும் எண்ணற்ற கைகளையும் கடந்துதான் உங்கள் கேனுக்கு வருகிறது. தீர்த்தமாகத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதானால் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள்.

கேள்வி: சிறுமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் தோப்பின் மேட்டுப் பக்கம், பாறை இடுக்கில் ஓர் ஊற்று கசிகிறது. அதைப் புட்டியில் அடைத்து விற்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு வாளியும் கடிகாரமும் போதும். வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை, ஓராண்டு முழுவதும் குறித்து வையுங்கள். நம் பகுதியின் கடும்பாறை, நீரைத் தன் விரிசல்களிலும் மேலே சிதைந்த மண்ணடுக்கிலும் மட்டுமே சேமித்து வைப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் பொங்கிய ஊற்று சித்திரை, வைகாசியில் நூலாக இளைத்துவிடுவது சாதாரணம். மழை பெய்த சில மணி நேரத்திலேயே நீர் கலங்கினால், அது ஆழத்திலிருந்து வருவதன்று, மேற்பரப்பு நீர் வடிகட்டப்படாமல் கலக்கிறது என்று பொருள். இயற்கைக் கனிம நீர் என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

தேறினால், மண்ணை அகற்றி, நீர் பாறையை விட்டு வெளிவரும் இடம்வரை தோண்டிச் சென்று, அங்கே கழுவிய சரளைக்கல் பரப்பி, மூடியுள்ள காங்கிரீட் தொட்டி ஒன்றைக் கட்ட வேண்டும். மிகுநீர்க் குழாயை ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கொத்தனார்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். தொட்டி நீர் ஊற்றுக்கண்ணுக்கு மேல் ஏறி எதிர்த்து அழுத்தினால், ஊற்று வேறொரு விரிசலைத் தேடிக்கொண்டு போய்விடும், பிறகு அதைத் திரும்ப அழைக்க முடியாது. மேட்டுப் பக்கம் மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்காலும், ஆடுமாடு நெருங்காதபடி வேலியும் வேண்டும். அந்தச் சரிவில் எரு, பூச்சிமருந்து, கழிப்பறை எதுவும் ஆகாது.

அதன்பின் ஆய்வகம். 250 மில்லி லிட்டர் மாதிரியில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கனிம அளவும் ஆண்டு முழுவதும் நிலையாக இருந்தால் மட்டுமே 13428-க்கு முயலுங்கள். இல்லையென்றால் மணல், கரி, நுண்வடிகட்டி, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லி கிராமைத் தாண்டினால் ஆர்.ஓ., புற ஊதா, ஓசோன் என்று வழக்கமான வரிசைதான். கடைசியில் நிற்கும் ஓசோன், புட்டியின் உட்புறத்திலும் மூடியிலும் உள்ள கிருமிகளையும் கொன்றுவிட்டுச் சிறிது நேரத்தில் ஆக்சிஜனாக மாறிவிடும்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். 2024 அக்டோபரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதி நீக்கப்பட்டாலும், அதையடுத்துப் புட்டி நீர் உயர் இடர் உணவு வகையில் சேர்க்கப்பட்டதால் சோதனை குறைந்துவிடவில்லை. ஊற்றுக்கண் வனத்துறை எல்லைக்குள் இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் கெட்டுப்போகுமா? புட்டியில் எதற்கு நாள் குறிக்கிறார்கள்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: நாள் கணக்கு தண்ணீருக்கு மட்டுமன்று, பிளாஸ்டிக்குக்கும் மூடிக்கும் சேர்த்துத்தான். வெயிலில் கிடந்த புட்டியின் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள்கள் நீரில் கசியும், மணமும் மாறும். கேன் வாங்குவோர் நாளைப் பார்ப்பதோடு, அதன் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். பச்சைப் பாசி படிந்திருந்தால், திரும்பி வந்த கேனைச் சரியாகக் கழுவாமலே நிரப்பியிருக்கிறார்கள்.