கணக்க சபையில வைங்க, ஆள வீட்ட போய் பாருங்க

அன்புள்ள அண்ணா,

நான் அம்பாறை மாவட்டத்தில கரையோரமா ஒரு ஊர். எங்கட சபை சின்னது, நாப்பது குடும்பம் வரும், ஞாயிறு பாடசாலை நான்தான் எடுக்கிறன். போன டிசம்பர் கரோல் ரவுண்ட் போய் சேர்ந்த காசு 60,000க்கு மேல. அத வாலிபர் தலைவரா இரிக்கிற அண்ணன்தான் வச்சிருந்தார். மார்ச் வரைக்கும் கணக்கு வரல்ல. ரெண்டு மூணு பேர் பாஸ்டர்ட்ட போய் சொல்லியிரிக்காங்க. பாஸ்டர் அந்த அண்ணனோட ஒரு வார்த்தையும் கதைக்காம, ஞாயிறு ஆராதனையில இயேசுவ காட்டிக் குடுத்த யூதாஸ் வச்சிருந்த பணப்பைய பத்தி பிரசங்கம் வச்சிட்டார். பேர் சொல்லல்ல, ஆனா முழு சபையும் திரும்பி அவரத்தான் பாத்திச்சி. அடுத்த கிழமையில இருந்து அவரும் வரல்ல, அவர்ட மனிசியும் வரல்ல, மனிசிட அக்கா தங்கச்சிமார்ர குடும்பங்களும் வரல்ல. இப்ப வட்ஸ்அப் குரூப்பில ரெண்டு பக்கமும் வசனத்த எடுத்து மாறி மாறி அடிக்கிறாங்க. பாஸ்டர்ட்ட கேட்டா "அன்பாத்தான் சொன்னன், திருத்தத்தான் சொன்னன்" எண்டுறார். அன்பா திருத்துறதெண்டா இதுதானா? நான் போய் அந்த அண்ணனோட கதைக்கலாமா? அம்மா சொல்லுறா உனக்கேன் இந்த வேல எண்டு.

ஒரு சகோதரி

அன்புள்ள தங்கச்சி,

உங்கட கடிதத்தில ஊர் பேரையும் ஆக்கள கண்டுபிடிக்கக்கூடிய சில விசயத்தையும் வெட்டிட்டுத்தான் போட்டிருக்கன், மட்டக்களப்பில இருந்து பொத்துவில் மட்டும் ஒராளுக்கொராள் சொந்தம், எவ்வளவு வெட்டினாலும் யாரோ ஒராள் கண்டுபிடிச்சிருவாங்க, அதுக்கு நான் ஒண்டும் செய்ய ஏலா.

நேர சொல்லுறன், அது திருத்தல் இல்ல. பாஸ்டர் கெட்ட மனிசன் எண்டு நான் சொல்லல்ல, அவர் பயந்திட்டார் எண்டுதான் நினைக்கிறன். ஒராள்ர முகத்த பாத்து "தம்பி அந்தக் காசு என்னாச்சி" எண்டு கேக்குறது எங்கட ஊர்ல சரியான கஷ்டமான வேல, அதுக்கு பிரசங்க பீடம் ஒரு லேசான வழி. மைக் ஒராள்ட கையில, கீழ இரிக்கிறவருக்கு வாய் இல்ல. அந்தத் தம்பி அந்தக் காசில வேன் கூலியும் சவுண்ட் செட் வாடகையும் குடுத்திருக்கலாம், இல்ல வீட்ட யாருக்கும் சுகமில்லாம வந்து எடுத்து செலவழிச்சிருக்கலாம், இல்ல உண்மையிலயே களவாவும் இரிக்கலாம். எது எண்டு பாஸ்டருக்கு தெரியா, உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. தெரியாமலே யூதாஸ்ட பேர ஒராள்ர தலையில வச்சாச்சி. யோவான் 12ல அவன திருடன் எண்டே எழுதியிரிக்கு, அந்தப் பகுதிய எடுத்து வாசிச்சா வாசிச்ச உடனேயே தீர்ப்பும் முடிஞ்சிது.

நீங்க ஒரு வரியில எழுதிட்டு போன விசயம்தான் எனக்கு பெரிசா தெரியிது, மனிசிட அக்கா தங்கச்சிமார்ர குடும்பமும் வரல்ல எண்டது. வெளியூர்ல இருந்து வாற ஊழியர்மாருக்கு இது விளங்குறதில்ல. எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு போறது, வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத்தான், அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில இல்லாட்டி அடுத்தடுத்த வளவில இரிப்பாங்க. அந்த அண்ணன் அந்த வளவுக்கு வந்த மாப்பிள்ள. சபைக்கு நடுவில அவர குத்தினா அவர் மட்டும் குனியல்ல, மாமிக்கும் குனிவு, மச்சாள்மாருக்கும் குனிவு, மாமிட வீட்டு வாசல்ல நிண்டு அடுத்த வீட்டுக்காரி "என்ன கா உங்கட மருமகனாமே" எண்டு கேப்பா. ஒராள திருத்தப்போய் அஞ்சு குடும்பத்த வெளியில அனுப்பியாச்சி. இதில கோபப்படுறதுக்கு ஒண்டுமில்ல, அவங்க வராம விட்டது மானத்துக்கு. அவங்க விசுவாசத்த விட்டுட்டாங்க எண்டு குரூப்பில யாராவது எழுதினா அது அநியாயம்.

மத்தேயு 18:15 உங்களுக்கு மனப்பாடமா இரிக்கும். "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." முதல்ல ஒராள் தனிய, கேக்காட்டி இன்னும் ஒண்டு ரெண்டு பேர கூட்டிட்டு, அதுக்கும் கேக்காட்டித்தான் சபைக்கு. உங்கட பாஸ்டர் முதல் ரெண்டு படியையும் தாண்டி நேர மூணாவதுக்கு பாய்ஞ்சிட்டார், அதுவும் முழுசா பாயல்ல, பேர் சொல்லாம பாதி. அந்த அதிகாரத்த மேல இருந்து வாசிச்சுப் பாருங்க, இதுக்கு முன்னுக்கு இரிக்கிறது தொண்ணூத்தொம்பது ஆட்ட விட்டுட்டு ஒண்ட தேடிப் போற கதை, பின்னுக்கு இரிக்கிறது எத்தன தரம் மன்னிக்கிற எண்டு பேதுரு கேக்குற கேள்வி. நடுவில இரிக்கிற இந்த மூணு படியும் தேடிப் போறதுட பகுதிதான், ஆள வெளிய போடுறதுக்கு வச்ச சட்டம் மாதிரி அத வாசிக்கிறது பிழை எண்டுதான் நான் சொல்லுவன்.

இத நீங்க சொன்னா குரூப்பில யாராவது ஒராள் கலாத்தியர் 2ஐ தூக்கிட்டு வருவார், பவுல் பேதுருவ எல்லாருக்கும் முன்னாலதானே கண்டிச்சார் எண்டு. உண்மைதான். ஆனா பேதுரு செஞ்சதும் எல்லாருக்கும் முன்னாலதான், புறஜாதியாரோட சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர் எருசலேம்ல இருந்து ஆக்கள் வந்தோண்ண எழும்பி விலகிட்டார், அவரப் பாத்து பர்னபாவும் இழுபட்டுட்டார். அத தனிய கூப்பிட்டு சொன்னா மேசையில விடுபட்ட ஆக்களுக்கு யார் பதில் சொல்லுற? அதோட பவுல் என்ன எழுதுறார், "முகமுகமாய்" எதிர்த்தேன் எண்டு. பேர் சொல்லி, ஆள் முன்னுக்கு இரிக்க, திருப்பிக் கதைக்க வழி இரிக்க. சாடை பேச்சு இல்ல.

இப்ப உங்கட விசயத்துக்கு வாறன், இதில ரெண்டு சங்கதி கலந்து கிடக்கு, பிரிச்சா பாதி சண்ட குறையும். காசு சபைட காசு, ஊர்ச்சனம் வாசல்ல நிண்டு தந்த காசு, அதுட கணக்கு சபைக்கு முன்னுக்கு வரத்தான் வேணும், அத தனிய ஒரு வீட்டு விறாந்தையில முடிக்க ஏலா. ஆனா அந்த மனிசன் என்ன நெருக்கத்தில இருந்தார், என்ன செஞ்சார், அத அவரோட தனியத்தான் கதைக்கணும். பாஸ்டர் தலைகீழா செஞ்சிட்டார், ஆள சபையில வச்சிட்டு கணக்க கேக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் யாராவது அவர்ட்ட "செலவுத் துண்டு இரிக்கா தம்பி" எண்டு கேட்டாங்களா? உங்கட கடிதத்தில அப்பிடி ஒண்டும் இல்ல.

இன்னொண்டு, சபைக்கும் இதில பங்கிரிக்கு. 60,000 ரூபாய ஒரு இளந்தாரிட கையில குடுத்துட்டு பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்ல, ரெண்டாவது ஆள் இல்ல, மூணு மாசமா ஒருத்தரும் கேக்கல்ல. எருசலேம் சபைக்கு காசு சேர்த்த நேரம் பவுல் தனிய கொண்டு போகல்ல, ஒருத்தரும் குறை சொல்லக்கூடா எண்டு சபையள் தெரிஞ்ச சகோதரர கூட அனுப்பினார், ரெண்டு கொரிந்தியர் 8ல இரிக்கு. பவுலையே நம்பல்லயா எண்டு அங்க ஒருத்தரும் கேக்கல்ல. எங்கட ஆக்கள்ட்ட கணக்கு கேட்டாத்தான் "என்ன சந்தேகப்படுறீங்களா" எண்டு வரும், ஆரம்பத்திலயே ரெண்டு பேர போட்டிருந்தா அந்தக் கேள்விக்கே இடமில்ல.

மெதடிஸ்ட் மிஷன்ல இருந்து வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814ல, ஒரு வருசத்துக்குள்ளேயே இங்கேயே இறந்து போனார், அது எல்லாரும் சொல்லுற கதை. சொல்லாத கதை, அவங்கட இயக்கத்த தொடங்கின ஜோன் வெஸ்லி 1738ல சின்னச் சின்ன ஐக்கியக் குழுக்களுக்கு எழுதின ஒழுங்கு. ஒராள குழுவில சேர்க்க முதல் அவர்ட்ட கேள்வி கேக்குறாங்க, அதில ஒண்டு, உன்ர பிழைகள உனக்கு சொல்லுறதுக்கு உனக்கு விருப்பமா எண்டு. அடுத்தது, எல்லாப் பிழையையும், ஒளிவு மறைவில்லாம சொல்லுறதுக்கு விருப்பமா எண்டு. ஓம் எண்டு சொன்னவரத்தான் சேர்க்கிறது, சொல்லுறவரும் அதே குழுவில அதே கேள்விக்கு ஓம் சொன்ன ஆள்தான். எனக்கு இது சரியா பிடிச்ச விசயம், எங்கட சபையள்ல வாலிபர் தலைவர போடுற நேரம் பாட்டு பாடத் தெரியுமா, கீபோர்ட் வாசிப்பியா எண்டு கேக்குறம், இத கேக்குறதில்ல.

சரி, நீங்க போகலாமா. போகலாம், அம்மா சொல்லுறது எனக்கும் விளங்குது, ஆனா அந்த வளவுப் புள்ளைகளுக்கு நீங்க டீச்சர், உங்களுக்கு அந்த வாசலால போற உரிமை இரிக்கு, வேற ஆருக்கும் இப்ப அது இல்ல. தனிய அவர பாக்கப் போகாதீங்க, ஊர் வாய் தெரியும்தானே, அவர்ட மனிசி வீட்ட இரிக்கிற நேரம் போங்க, மனிசியோடயே முதல்ல கதைங்க. ஞாயித்துக்கிழமை வேணாம், பைபிளையும் கையில தூக்கிட்டு போக வேணாம், அதப் பாத்தோண்ண விசாரணைக்கு வந்திருக்கா எண்டுதான் நினைப்பாங்க. முதல் நாள் காசப் பத்தி நீங்களா எடுக்காதீங்க. புள்ளைகள் வராம வகுப்பு குறைஞ்சு கிடக்கு எண்டு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. அவரே எடுத்தா மட்டும் கேளுங்க, என்ன நடந்த எண்டு. கேக்குறதெண்டா உண்மையாவே கேக்கணும், பதில மனசுக்குள்ள முடிவு செஞ்சு வச்சிட்டு கேக்குற கேள்விய ஆக்கள் குரல்லயே பிடிச்சிருவாங்க. களவுதான் எண்டு தெரிஞ்சாலும் கலாத்தியர் 6ல சாந்தமுள்ள ஆவியோட சீர்பொருந்தப்பண்ணச் சொல்லித்தான் இரிக்கு, அதே வசனத்திலேயே நீயும் சோதிக்கப்படாதபடி பாத்துக்கொள் எண்டும் இரிக்கு. எவ்வளவு, எப்ப கட்டுவீங்க, மாசம் மாசமா குடுக்க ஏலுமா, இந்த மாதிரி கதை. வந்து குரூப்பில "இண்டைக்கு அவங்கள சந்திச்சன், ஜெபிச்சுக்கொள்ளுங்க" எண்டு போட்டுராதீங்க, ஜெபக்குறிப்பு எண்ட பேர்ல ஊருக்குள்ள ஓடுற வம்பு கொஞ்சநஞ்சமில்ல.

பாஸ்டர்ட்டயும் ஒராள் போகத்தான் வேணும், மூப்பர்மார்ல ஒருத்தர கூட்டிட்டு நீங்களே போங்க. ஒண்டு தீமோத்தேயு 5ல முதிர்ந்தவர தகப்பன போல நினைச்சு சொல்லச் சொல்லியிரிக்கு, சொல்லவே கூடா எண்டு எழுதல்ல. "ஐயா எல்லாரும் கதைக்கிறாங்க" எண்டு ஆரம்பிக்காதீங்க, அந்த எல்லாருக்கும் முகம் இல்ல, அவருக்கு கோபம் மட்டும்தான் வரும். "ஐயா எனக்கு அது நோவா இருந்திச்சி" எண்டு உங்கட வாயால உங்கட பேர்ல சொல்லுங்க. அவர் மனம் வருந்தினாலும் அந்த அண்ணன்ட போனுக்கு ஒரு மெசேஜ் போட்டு முடிக்கக்கூடா, மைக்கில செஞ்சது, மைக்கிலதான் திருத்தணும். அவர் மாட்டன் எண்டா சபைக்கு மேல இரிக்கிறவங்களுக்கு மூப்பர் எழுதலாம், அதுவும் பேர் போட்டு.

இந்த மூணு படியையும் எல்லாத்துக்கும் போட ஏலா எண்டதையும் சொல்லிட்டு விடுறன், ஏனெண்டா இத வாசிக்கிற வேற ஆக்களும் இரிப்பாங்க. புள்ளைகள்ல கை வச்ச விசயம், பொஞ்சாதிய அடிக்கிற விசயம், இதுக்கெல்லாம் முதல்ல தனிய போய் கதை எண்டு பாதிக்கப்பட்டவர அனுப்புறது கொடும. அங்க புள்ளைகளுக்கு உதவி போன் நம்பர் 1929க்கு எடுக்கணும், பொம்புளைகளுக்கு 1938, பொலிஸ். சபை மானம் போகும் எண்டு மூடுறவர் அந்த வசனத்த வச்சே மூடப் பாப்பார், விட வேணாம்.

அந்த அண்ணன் ஒருவேளை வேற சபைக்கு போயிருவார், இப்ப தெருவுக்கு ரெண்டு சபை இரிக்கு, போற இடத்தில ஏன் வந்தனீங்க எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க, முன்வரிசையில கதிர போட்டு குடுப்பாங்க. போனா விட்டிருங்க. பவுலும் பர்னபாவும், ஊழியத்த இடையில விட்டுட்டு போன மாற்குட விசயத்தில கடுமையா சண்ட பிடிச்சு ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சு போனவங்க, கனகாலத்துக்கு புறகுதான் மாற்குவ கூட்டிட்டு வா, அவன் எனக்கு பிரயோஜனம் எண்டு பவுல் எழுதுறார். ஆனா ஆள் போனாலும் கணக்கு முடிய வேணும், ரெண்டு பேர் இருந்து துண்டுகள பாத்து எழுதி சபையில வாசிங்க, வாசிச்ச கையோட ஒரு கொப்பி அவர்ட வீட்ட கொண்டு போய் குடுங்க. அதில அவர் சுத்தம் எண்டா பாஸ்டர் அடுத்த ஞாயிறே மைக்க எடுக்கணும், இல்லயெண்டா எவ்வளவு குறையிது எண்டாவது ரெண்டு பக்கத்துக்கும் தெரியும், இப்ப அதுகூட ஒருத்தருக்கும் தெரியாமத்தானே சண்ட நடக்குது.