தொண்டிக் கரையில் 30 அடி பாய்மரப் படகு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பத்து வருடம் துபாயில் உல்லாசப் படகுகளில் வேலை பார்த்துவிட்டு தொண்டிக்குத் திரும்பியிருக்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து பழைய 30 அடி குரூசர்-ரேசர் பாய்மரப் படகு ஒன்று வாங்க நினைக்கிறோம். சென்னையில் பந்தயம் நடக்கும்போது அதில் ஓட்ட வேண்டும். மற்ற நாட்களில் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் கடலில் சுற்ற வேண்டும். விளம்பரத்தில் டிராஃப்ட் (படகு தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஆழம்) ஐந்தே கால் அடி என்று போட்டிருக்கிறது. நம் கடலுக்குச் சரிவருமா? வேகம் கிடைக்குமா?

பதில்: வேகம் கிடைக்கும். அந்த ஐந்தே கால் அடிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தொண்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரம் நடந்து போகலாம் என்பது உங்களுக்கே தெரியும். வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பாலும் ஏழெட்டு பாகத்துக்குள் (ஒரு பாகம் ஆறடி) அடங்கிவிடும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. மும்பையில் தரைதட்டினால் ஏற்றம் வரட்டும் என்று காத்திருக்கலாம். இங்கே காத்திருந்தாலும் தண்ணீர் பெரிதாக ஏறாது. ஏரா (படகின் அடியில் தகடுபோல் இறங்கி நிற்கும் கீல்) ஐந்தே கால் அடி வரை போகும் படகை நிறுத்த, அலையின் பள்ளத்தையும் சேர்த்து எட்டடித் தண்ணீராவது வேண்டும். அப்படியானால் படகு கரையிலிருந்து வெகு தொலைவில் நிற்கும். பிள்ளைகள், சாப்பாடு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் சின்னப் படகில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். நாலு தடவை போவீர்கள், அப்புறம் போக மாட்டீர்கள்.

அந்த ஏரா ஏன் அவ்வளவு ஆழம் என்பதை நம் பக்கத்துப் பாய்மர மீன்பிடிப் படகான வத்தையை வைத்தே சொல்கிறேன். வத்தையில் காற்றடிக்கும் பக்கம் பலகையை நீட்டி, அதில் ஆட்கள் ஏறி, படகு கவிழாமல் பாரம் கொடுப்பார்கள். பக்கவாட்டில் சறுக்காமல் இருக்கத் தண்ணீருக்குள் வேறொரு பலகை இறங்கும். குரூசர்-ரேசரில் இந்த இரண்டு வேலையையும் ஏரா ஒன்றே செய்கிறது. அதில் உள்ள ஈயமோ இரும்போ பாரம் கொடுக்கிறது, அதன் அகலப் பக்கம் சறுக்கலைத் தடுக்கிறது. பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாகப் படகை நிமிர்த்தும். மெல்லிய, ஆழமான ஏரா எதிர்காற்றில் நன்றாக ஏறும். பந்தயக்காரர்கள் ஆழத்தை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

நாம் நாலு அடிக்குள் நிற்க வேண்டியவர்கள். ஒரே மாடலிலேயே பல கம்பெனிகள் குட்டை ஏராவும் தருகின்றன. எதிர்காற்றில் கொஞ்சம் சறுக்கும், பந்தயத்தில் சில நிமிடம் போகும். நான் இதைத்தான் எடுப்பேன். தூக்கும் ஏரா கேட்பதற்கு இனிக்கும், ஆனால் அது ஏறி இறங்கும் கூட்டுக்குள் மணலும் சிப்பியும் அடைத்துக்கொண்டால் கடலிலேயே சிக்கிக்கொள்ளும். கரையில் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இரட்டை ஏரா மணலில் அழகாக நிமிர்ந்து உட்காரும், ஆனால் பந்தய ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆழத்தைவிடக் குறைவாகப் பேசப்படுவது ஏராவின் வடிவம். சில வருடங்களுக்கு முன் மண்டபம் வடகடலில் ஒரு 26 அடிப் படகை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல காற்று, ஐந்தரை நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஓட்டம். கொஞ்ச நேரத்தில் மீட்டர் நாலுக்கு இறங்கியது. காற்று குறையவில்லை, பாயும் சரியாகத்தான் நின்றது. சுக்கான் மட்டும் கையில் கனத்தது. பின்பக்கம் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கைவிட்டேன். சுக்கான் தகட்டின் முன்விளிம்பில், நம் ஆட்கள் தாழை என்று சொல்லும் கடற்புல் ஒரு தலையணை அளவுக்குச் சுற்றியிருந்தது. நடுவே ஒரு முழம் நண்டு வலை. ஏராவின் அடியிலும் அதேதான். படகை எதிர்காற்றில் நிறுத்திப் பின்னோக்கி மிதக்கவிட்ட பிறகுதான் கழன்றது.

அதனால் ஏராவின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் புல்லும் வலையும் வழுக்கிப் போய்விடும். செங்குத்தாக இறங்கி, அடியில் உருண்டை பாரம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் புது மாதிரி ஏரா கொக்கி போலத்தான். வலை அடுத்தவர் பிழைப்பு, அறுத்துவிட்டுப் போக முடியாது. கரையோரம் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளும் உண்டு, இரவில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி வேகம். எடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் படகுக்கு நீர்க்கோட்டின் நீளம், அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்தான் எல்லை. அந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் எல்லை வேகம் நாட் கணக்கில் வரும். 1979-ல் அமெரிக்காவில் வந்த ஜே/30 என்ற குரூசர்-ரேசரை எடுத்துக்கொள்வோம். நீர்க்கோடு 25 அடி, எனவே 6.7 நாட். உங்கள் படகும் ஏறக்குறைய அவ்வளவுதான். யாராவது பத்து நாட் போகும் என்றால், காற்று பின்னால் தள்ளி, அலையில் சறுக்கிய நேரத்துக் கணக்கைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 6.7-ஐ எவ்வளவு லேசான காற்றில் எட்டும் என்பதுதான் படகுக்குப் படகு மாறும். ஜே/30-க்குப் பாய்ப் பரப்பு சுமார் 41 சதுர மீட்டர், எடை 3,175 கிலோ. எடையை 1,025 ஆல் வகுத்தால் அது ஒதுக்கும் கடல்நீரின் அளவு 3.1 கன மீட்டர். அதன் கனமூலத்தை வர்க்கப்படுத்தி, பாய்ப் பரப்பை அதனால் வகுத்தால் 19.4 வரும். 16-க்குக் கீழ் என்றால் சோம்பல் படகு. 20-ஐத் தாண்டினால் பந்தயப் படகு. இடையில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

ஆனால் அது வெற்றுப் படகின் கணக்கு. ஆறு பேர், தண்ணீர், டீசல், பாட்டரி, அடுப்பு, இரண்டு நங்கூரம், சங்கிலி என்று ஏற்றினால் 700 கிலோ எளிதாக வந்துவிடும். அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 17. உள்ளே கட்டிலும் அலமாரியும் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் எவ்வளவு சாமானைக் கரையில் இறக்கி வைக்க முடியும் என்று பாருங்கள்.

இன்னொரு எண்ணும் உண்டு. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 பந்தய வீரர்கள் இறந்த பிறகு பரவலான கணக்கு அது. படகின் அகலத்தை அடியில் எடுத்து, எடையைப் பவுண்டில் எடுத்து 64 ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் அகலத்தை வகுங்கள். 2-க்குக் கீழே இருந்தால்தான் திறந்த பெருங்கடலுக்கு ஏற்றது என்பார்கள். ஜே/30-க்கு 2.3 வருகிறது. கரையோரத்துக்கு இது குறையில்லை. அந்தமான் போகும் எண்ணம் இருந்தால் வேறு படகு பாருங்கள்.

சரி, காற்று. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வாடையில் (வடகிழக்குக் காற்று) நேர்மாறு. ஆழம் குறைந்த கடலில் அலை நீளமாக வராது, குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து அடிக்கும். தட்டையான அணியம் (முன்முனை) உள்ள லேசான படகு இதில் படார் படார் என்று விழுந்து நின்று நின்று போகும். அணியம் கூர்மையாக, அலையை வெட்டிப் போகிற மாதிரி இருக்கட்டும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அது 31 நாட். அத்தனை வேகம் அடிக்கடி வராது, ஆனால் பெரிய பாயைச் சுருக்க இரண்டு மடிப்பாவது இருக்க வேண்டும். முன்பாய் பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வராத சின்ன அளவே போதும். மாசி, பங்குனியின் மெல்லிய காற்றுக்குப் பெரிய பலூன் பாய் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்துக்கு ஏற்பக் கடல் மாற்றி நிறுத்த வேண்டுமென்றால் பாம்பனைக் கடக்க வேண்டும். 2025-ல் திறந்த புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் வரை உயரும். 30 அடிப் படகின் பாய்மரத்துக்குத் தாராளம். முன்கூட்டியே அனுமதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். வாய்க்காலில் நீவாடு (நீரோட்டம்) இழுக்கும், அதனால் எஞ்சினை நம்பகமாக வைத்திருங்கள். தென்கடலில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இறங்கக் கூடாது, பவளப் பாரில் நங்கூரம் போடக் கூடாது. இலங்கை எல்லைக்கோடு எவ்வளவு பக்கம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜிபிஎஸ்ஸில் எச்சரிக்கை மணி வைத்துவிடுங்கள்.

பழைய படகு என்பதால் நேரில் போய்ப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கிண்ணென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தில் ஃபைபருக்கு நடுவே உள்ள பால்சா கட்டை தண்ணீர் குடித்து மக்கியிருக்கும். அடுத்து உள்ளே இறங்கி, ஏராவின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள தரைப் பலகையைத் தூக்குங்கள். ஏரா எதிலாவது முட்டினால் அதன் பின்முனைதான் மேல்நோக்கி இடிக்கும். அங்கே மயிரிழை விரிசலோ, புதுப் பெயிண்டோ இருந்தால் அந்தப் படகு எங்கோ பலமாகத் தரைதட்டியிருக்கிறது. ஏரா போல்ட்டுகளில் துருநீர் வடிந்த தடம் இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் வற்றத்தில், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி, நீங்கள் நிறுத்த நினைக்கும் இடத்திலிருந்து வெளிக்கடல் வரை ஐம்பது கஜத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். வாடையில் ஒரு தடவை, கச்சானில் ஒரு தடவை. மணல் திட்டு இடம் மாறும். இரண்டு தடவையும் ஆறடிக்குக் குறையாத பாதை கிடைத்தால் நாலடி ஏரா படகைத் தேட ஆரம்பியுங்கள்.