விறகு கரியாவது எப்படி?

கேள்வி: விறகைக் கொளுத்தினால் சாம்பல்தானே மிஞ்சும்? விறகை அடுக்கி மண்பூசி மூடி எரிக்கும் மூட்டத்தில் மட்டும் கரி எப்படிக் கிடைக்கிறது? வெட்டிப்போட்ட கிளைகள் நிறையக் கிடக்கின்றன. நானே மூட்டம் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: காற்றைத் தாராளமாக விட்டால் சாம்பல், அடைத்து வைத்தால் கரி. சூடு ஏற ஏற விறகு முதலில் தண்ணீரை விடும். ஏறக்குறைய 280 டிகிரிக்குமேல் மரமே சிதைந்து, வாயுவாகவும் தாராகவும் பிரிந்து வெளியேறும். மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அதுவும் எரிந்து போகாமலிருக்கத்தான் மேலே இலைதழை பரப்பி ஈரமண் பூசுகிறோம்.

உள்ளே நடப்பதைப் புகைதான் சொல்லும். முதலில் வெள்ளைவெளேரென்று திரண்டு வருவதில் பாதிக்குமேல் நீராவி. அப்புறம் மஞ்சளடித்துக் கண்ணைக் கரிக்கும். கடைசியில் நீலம் பாய்ந்து, வருகிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கிற அளவுக்கு மெலியும். அப்போது எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிட வேண்டும். மூட்டம் வேக வேக அமுங்கும், மண் விரிசல் விடும். ராத்திரி எழுந்து அதைப் பூசாவிட்டால் காலையில் சாம்பலைத்தான் அள்ளுவீர்கள்.

என் முதல் மூட்டத்தில் விரிசலையெல்லாம் ஒழுங்காகத்தான் பூசினேன். கோட்டை விட்டது பிரித்த பிறகு. தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. பிரித்துக் குவித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தால் குவியலின் நடுவில் கங்கு! புதுக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தானாகவே சூடாகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போதெல்லாம் ஒரு நாளாவது வெளியில் பரப்பிப் போட்ட பிறகுதான் சாக்கில் அள்ளுகிறேன்.

நல்ல கரித்துண்டுகள் இரண்டைத் தட்டினால் கிண்ணென்று கேட்கும். உடைத்த முகம் மினுங்கும், மரத்தின் வளையங்கள்கூட அப்படியே தெரியும். பழுப்பாக இருந்து, எரிக்கும்போது புகைந்தால் அரைவேக்காடு.

சரி, போட்டுப் பாருங்கள். ஆனால் 100 கிலோ காய்ந்த விறகுக்கு 20 கிலோ தேறினாலே நல்ல மூட்டம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு உண்டுதான். இருந்தும் விறகிலிருந்த சூட்டில் பாதிக்குமேல் மூட்டத்திலேயே போய்விடுகிறது. வெறும் அடுப்பெரிக்க என்றால் விறகாகவே எரித்துவிடுங்கள். புகையில்லாமல் நின்று எரியும் தணல் வேண்டும், துருத்தி வைத்து இரும்பைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும் என்றால்தான் இந்தப் பாடு.

அப்புறம், கரியடுப்பை மூடிய அறைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். புகை இல்லையே என்று தைரியமாக இருந்துவிடுவோம். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பதெல்லாம் அதற்குப் போதாது.