குச்சி ஐஸ் ஏன் கல்லாகிறது?

கேள்வி: பிள்ளைகளுக்காகத் தர்பூசணிச் சாறெடுத்துக் குச்சி ஐஸ் செய்தேன். சர்க்கரை வேண்டாமென்று போடவே இல்லை. கடித்தால் கல். உறிஞ்சினால் சாறெல்லாம் முதலிலேயே வாய்க்கு வந்துவிடுகிறது; கடைசியில் வெளுத்துப்போன வெறும் ஐஸ்தான் குச்சியில் நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் விட்டுவிட்ட சர்க்கரையில்தான் விஷயம் இருக்கிறது. சர்க்கரை இனிப்புக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஃப்ரீஸருக்குள் அதற்கு வேறு வேலை உண்டு. வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடும். சர்க்கரை கரைந்த தண்ணீர் உறைய அதற்கும் கீழே போகவேண்டும். ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரியில்கூடக் கொஞ்சம் பாகு உறையாமல் ஐஸ் துகள்களுக்கு நடுவில் தங்கிவிடும். பல் இறங்குவது அந்தப் பாகு இருப்பதால்தான்.

ஒரு முறை பாதி உறைந்த குச்சி ஐஸ் ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி வெளுத்திருக்கும். சிவப்பு முழுவதும் நடுவில் ஒதுங்கியிருக்கும். தண்ணீர் உறையும்போது தன்னிடம் இருக்கும் சர்க்கரையையும் நிறத்தையும் வெளியே தள்ளிவிடுகிறது. மெதுவாக உறைந்தால் துகள்கள் பெரிது பெரிதாக வளரும். இடையில் நிற்கும் சாறு உறிஞ்சியதும் வழிந்து வந்துவிடும். உங்கள் பிள்ளைகள் கையில் மிஞ்சிய வெள்ளை ஐஸ் அதுதான்.

அடுத்த முறை கால் லிட்டர் சாறுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை போடுங்கள். கொஞ்சம் சாறை மட்டும் சூடாக்கிச் சர்க்கரையை அதில் கரைத்து, மீதியோடு கலந்தால் போதும். ஆறியபின் எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும் என்பதால், ஊற்றுவதற்கு முன் ருசி பார்க்கும்போது 'சற்றே அதிகம்' என்று தோன்றவேண்டும். கலவையை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகே அச்சில் ஊற்றுங்கள். சீக்கிரம் உறையும், துகளும் சிறிதாக இருக்கும். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும்.

சர்க்கரையைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் சாற்றை வடிகட்டாமல் சதையோடு அரையுங்கள். நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றையும் சேர்த்து அரைத்தால் கலவை கெட்டியாகும், துகள் பெரிதாக வளராது. எனக்குப் பிடித்த முறையே இதுதான். பிள்ளைகளுக்குப் பழமும் முழுசாகப் போய்ச் சேருகிறதே!

கேள்வி: மெஷின் இல்லாமல், ஃப்ரீஸரும் இல்லாமல் ஐஸ்கிரீம் செய்ய முடியுமா? ஐஸ் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

பதில்: தாராளமாக. அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றது 1843-இல். அந்த வாளிக்குள் வேலை செய்ததும் ஐஸும் உப்பும்தான். உப்பு பட்டதும் ஐஸ் உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து இழுத்துக்கொள்ளும். எடைக்கு மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு உப்பு என்று கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும்.

ஜிப் வைத்த சின்னப் பையில் அரை கப் பால், அரை கப் கிரீம், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு பைக்குள்ளும் போட்டு மூடுங்கள். பெரிய பையில் ஐஸும் கல் உப்பும் போட்டு, சின்னப் பையை உள்ளே வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் குலுக்கவேண்டும். குலுக்கக் குலுக்கத்தான் துகள்கள் சின்னதாக உடைந்து கிரீம் பதம் வரும். கெட்டியான துண்டில் சுற்றிக்கொண்டு பிடியுங்கள், வெறும் கையில் அந்தக் குளிர் தோலைப் புண்ணாக்கிவிடும். பையைத் திறக்கும் முன் வாய்ப்பக்கத்தைத் தண்ணீரில் கழுவித் துடைக்க மறக்கவே கூடாது. முதல் முறை நான் அவசரமாகத் திறந்ததில் இரண்டு சொட்டு உப்புத் தண்ணீர் உள்ளே விழுந்துவிட்டது. காத்திருந்த குழந்தைகளின் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: மின்சாரம் போய் உருகிவிட்ட ஐஸ்கிரீமைத் திரும்ப உறையவைக்கலாமா?

பதில்: பால் சேர்ந்தது முழுதாக உருகிச் சூடேறியிருந்தால் வேண்டாம், கொட்டிவிடுங்கள். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, வளராமல் நிறுத்தி மட்டும் வைக்கிறது. மனசு கேட்காதுதான், ஆனால் குழந்தைகள் சாப்பிடுகிற பொருள்.

கேள்வி: அன்னாசிப் பழத்தைப் பாலோடு அரைத்து உறையவைத்தேன். கசக்கிறது.

பதில்: அன்னாசியில் இருக்கும் நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. பழத்தைத் துண்டுகளாக்கிச் சர்க்கரையோடு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறியபின் பாலில் சேருங்கள். ஜெலட்டினில் அன்னாசி போட்டால் உறையாததற்கும் அதே நொதிதான் காரணம். அங்கேயும் முதலில் வேகவைத்துக்கொள்ளுங்கள்.