கிராண்ட் விட்டாராவா, ஹைரைடரா: பள்ளத்தூரிலிருந்து ஒரு கேள்வி

காரைக்குடிக்குப் பக்கத்தில், பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர். அவரும் மனைவியும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியோடு ஆத்தா. வாரம் ஒருமுறை மதுரை அல்லது திருச்சி, கோடையில் கொடைக்கானல், விசேஷம் வந்தால் சென்னை. கண்மாய்க் கரையை ஒட்டிய மண்பாதையில் போனால் ஒரு தோட்டம். வருஷத்துக்குச் சுமார் 12,000 கிலோமீட்டர் ஓட்டம். வாங்கும் வண்டி 12 வருஷமாவது வீட்டில் இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாராம். மாருதி அதற்கு வைத்திருக்கும் பெயர் ஆல்கிரிப். மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடர், இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

கிராண்ட் விட்டாராவை எடுங்கள். ஆனால் அது ஹைரைடரை விட நல்ல வண்டி என்பதால் அல்ல. இரண்டும் ஒரே வண்டி. 2022இல் சில வார இடைவெளியில் சந்தைக்கு வந்த இந்த இரண்டும் கர்நாடகாவில், பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில் செய்யப்படுபவை. ஆல் வீல் டிரைவ் மாடலில் இரண்டுக்கும் மாருதியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்தான், 103 குதிரைத்திறன். இரண்டுக்கும் 2,600 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி), 45 லிட்டர் டேங்க், ஒரே ஆல்கிரிப் அமைப்பு. முன்பக்க முகம், பம்பர், உள்ளே சீட் நிறம், ஸ்டீயரிங்கில் உள்ள முத்திரை, இவைதான் மாறும். ஓர் அடுப்பில் வெந்த சோற்றை இரண்டு இலையில் போட்டது போல. 2025 நவம்பரில் பெட்ரோல் அளவைத் தவறாகக் காட்டும் கோளாறுக்காக மாருதி 39,506 கிராண்ட் விட்டாராக்களைத் திரும்ப அழைத்தது. அதே கோளாறுக்காக அதே மாதம் டொயோட்டா 11,529 ஹைரைடர்களை அழைத்தது. நோய் கூட ஒன்றுதான். "டொயோட்டா என்றால் இன்ஜின் தேயாது" என்று மாமா மச்சான் யாராவது சொன்னால், பானெட்டைத் திறந்து காட்டுங்கள்.

அப்படியானால் நீங்கள் தேர்ந்தெடுப்பது வண்டியை அல்ல, அடுத்த 12 வருஷத்துக்கான ஒர்க்‌ஷாப்பை. இரண்டு கம்பெனியும் இப்போது 3 வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. மாருதி 2024 ஜூலையில்தான் அதை 2 வருஷத்திலிருந்து உயர்த்தியது. பணம் கட்டி நீட்டித்தால் டொயோட்டாவில் 5 வருஷம், 2,20,000 கிலோமீட்டர் வரை போகலாம். மாருதியில் 6 வருஷம், 1,60,000 கிலோமீட்டர். பார்த்தவுடன் டொயோட்டா பெரிதாகத் தெரியும். உங்கள் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: 6 வருஷத்தில் 72,000 கிலோமீட்டர்தான். கிலோமீட்டர் வரம்பு எதையும் நீங்கள் தொடப் போவதில்லை. உங்களுக்கு வருஷம்தான் கணக்கு; அதில் மாருதி ஒன்று கூடுதல். அப்புறம் தூரம். மாருதிக்குக் காரைக்குடியோடு வேலை முடிந்துவிடும். உதிரிபாகம் டவுன் கடையிலேயே கிடைக்கும், வாரண்டி முடிந்தபின் வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் கை வைக்க அவர் தயங்க மாட்டார். டொயோட்டாவில் காரைக்குடியில் முடியாத வேலை என்றால் மதுரையோ திருச்சியோ, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போய்விடும். வாரா வாரம் எப்படியும் மதுரை போகிறவர் என்றால் இந்தக் குறை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் பணம் கட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பகுதியில் ஓடும் விட்டாராக்களில் ஆல்கிரிப் மிகக் குறைவு. ஷோரூம் மேலாளரை விட்டுவிட்டு, சர்வீஸ் அட்வைசரிடம் போய் "டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், ரியர் டிஃபரன்ஷியல் ஆயில் இங்கே மாற்றியிருக்கிறீர்களா, எந்த ஆயில் ஊற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் இந்த இரண்டு பாகமும் சாதாரண விட்டாராவில் கிடையாது. அதனால் சர்வீஸ் பில்லில் விட்டுப் போக வாய்ப்பு அதிகம். கையேட்டில் உள்ள அட்டவணையில் அந்த இரண்டு வரியையும் அடிக்கோடிட்டு வையுங்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. ஆல் வீல் டிரைவ் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா?

அது செய்வது ஒரே ஒரு வேலை. முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழன்றால், இன்ஜின் விசையில் ஒரு பங்கைப் பின்சக்கரத்துக்கு அனுப்பும். நின்ற இடத்திலிருந்து கிளம்பவும், ஏறவும் உதவும். பிரேக் பிடிக்கும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. எல்லாக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மழையில் மதுரை ரோட்டில் வழுக்காமல் காப்பது டயர்தான். ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரைக் கடக்கவும் அது உதவாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் எத்தனை சக்கரம் இழுத்தாலும் செலவு செலவுதான்.

நம் பக்கத்துச் செம்மண் சரளைப் பாதை மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். முன்சக்கர இழுவை வண்டியே போதும். தொந்தரவு கண்மாய் ஓரத்துக் களிமண்ணில்தான். டயர் பட்டன்களுக்கு நடுவே களி அப்பிக்கொண்டு, டயர் வழுவழுப்பான உருளை போல ஆகிவிடும். முன்சக்கரம் குழி பறிக்கத் தொடங்கும் அந்த நேரத்தில் பின்சக்கரம் ஒரு தள்ளு தள்ளினால் வண்டி வெளியே வந்துவிடும். ஆல்கிரிப்பில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நான்கு நிலை உண்டு. பனி பெய்யாத ஊரில் ஸ்னோ எதற்கு என்று சிரிக்க வேண்டாம். சேற்றுக்குச் சரியான நிலை அதுதான், ஆக்ஸிலரேட்டரை மென்மையாக்கும். மாட்டிக்கொண்ட பிறகு லாக்.

ஆகவே, போன இரண்டு வருஷத்து ஐப்பசி, கார்த்திகையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பிய நாள் எத்தனை? விரல்விட்டு எண்ணக்கூடியது என்றால் அன்றைக்கு மட்டும் டூ வீலரில் போய்க்கொள்ளுங்கள். அடைமழை மாதம் முழுக்க அந்தப் பாதையில் போயே ஆக வேண்டும் என்றால் ஆல்கிரிப் சரி. கொடைக்கானலுக்காக என்றால் வேண்டாம். அது தார் ரோடு.

செலவு எங்கே விழும் என்பதில் பலருக்குத் தப்புக் கணக்கு. பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்று பயப்படுவார்கள். 2022இல் கம்பெனி சொன்ன மைலேஜ், மேனுவல் கியரில், முன்சக்கர இழுவைக்கு லிட்டருக்கு 21.11, ஆல் வீல் டிரைவுக்கு 19.38. ரோட்டில் இரண்டுமே குறையும். ஆனால் உங்கள் 12,000 கிலோமீட்டருக்கு வித்தியாசம் வருஷத்துக்கு 50 லிட்டர் சொச்சம், லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஐயாயிரம். அது பெரிதில்லை. பெரிய செலவு இரண்டு இடத்தில். முதலாவது, ஆல் வீல் டிரைவ் மேல்தட்டு வேரியண்ட்டில்தான் கிடைக்கிறது. நமக்குத் தேவையில்லாத சன்ரூஃபுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம் என்பதால், விலையில் கூடும் ஒவ்வொரு லட்சத்தோடும் 18,000 ரூபாய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது டயர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த வண்டியின் டயர் 215/60 ஆர்17. புதிதாக இருக்கும்போது ஆரம் ஏறத்தாழ 345 மில்லிமீட்டர். ஓடித் தேய்ந்து 5 மில்லிமீட்டர் குறைந்த டயர், கிலோமீட்டருக்குப் புது டயரை விட ஏழு சுற்று கூடுதலாகச் சுற்றும். சாதாரணக் காரில் முன்னே இரண்டு புது டயர், பின்னே இரண்டு பழசு என்று ஓட்டிக்கொள்ளலாம். ஆல் வீல் டிரைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தண்டால் இணைந்தவை. இந்த ஏழு சுற்று வித்தியாசத்தை இடையில் உள்ள கப்ளிங்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சக்கரம் வழுக்குகிறது என்று அது நினைத்துக்கொண்டு, காய்ந்த ரோட்டிலும் சூடாகிக்கொண்டே இருக்கும். கப்ளிங் போனால் அது சின்னச் செலவில்லை.

இதில் சீமைக்கருவேல முள் எங்கே வருகிறது என்றால், தோட்டத்துப் பாதையில்தான். டயரின் அடிப்பக்கம் முள் ஏறினால் பஞ்சர் போட்டுக்கொள்ளலாம். பக்கச்சுவரில் ஏறினால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயர் இப்படிப் போனால், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே டயர் மாற்றுவார். நீங்கள் குறைந்தது இரண்டு, நல்லபடியாகச் செய்தால் நான்கு. அதனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் டயரை இடம் மாற்றச் சொல்லுங்கள், நான்கும் ஒன்று போலத் தேயும். ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவில் இருக்கிறதா என்று டெலிவரியிலேயே பாருங்கள். அளவு வேறு என்றால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக மட்டும்தான் அது. தேயாவிட்டாலும் ஆறு வருஷத்தில் செட்டாக மாற்றிவிடுங்கள். நம் வெயிலில் ரப்பர் வெடிப்பு விட்டுவிடும். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது.

வண்டி வழியில் நின்றுபோனால் முன்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரிதான் வர வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துப் பாதை தடையில்லை என்று முடிவுக்கு வந்தால், இதே விட்டாராவிலும் ஹைரைடரிலும் வரும், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டைப் பாருங்கள். கம்பெனி கணக்கில் லிட்டருக்கு 27.97. ஆல் வீல் டிரைவோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு 190 லிட்டர் மிச்சம். டவுனில் ஊர்ந்து போகும்போது பாதி நேரம் இன்ஜினே ஓடாது. குறை இரண்டு. பேட்டரி டிக்கிக்கு அடியில் இருப்பதால் ஐந்து பேர் சாமான் ஏறாது. பேட்டரிக்கு வாரண்டி 8 வருஷம்; உங்கள் 12இல் மீதி நான்கு உங்கள் பொறுப்பு. சென்னைக்குப் போகும்போது அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, பலகாரத் தூக்கு எல்லாம் ஏற்றும் வீடு என்றால் முதல் குறைதான் பெரிது.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஐந்து பேரும் போங்கள். ஆத்தா தானாகக் கதவைத் திறந்து, மடிந்து குனியாமல் உட்கார்ந்து, தானாக இறங்க முடிகிறதா? சீட் உயரம் அவருக்குத் தோதாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் முழங்கால் சொல்ல வேண்டும். பின்சீட்டில் நடுவில் உட்காரும் பிள்ளை இன்னும் ஐந்து வருஷத்தில் வளர்ந்துவிடும். அந்த இடம் குறுகல். மத்தியானம் ஒரு மணிக்குப் போங்கள். சன்ரூஃபுக்கு உள்ளே துணித்திரைதான், உச்சி வெயிலில் தலைக்கு மேல் சூடு இறங்குவது அப்போதுதான் தெரியும். ஐந்து பேரோடு ஏசி போட்டு ஒரு மேம்பாலம் ஏற்றிப் பாருங்கள். 103 குதிரைத்திறன் சமதளத்துக்குத் தாராளம். மலையில் முன்னே போகும் பஸ்ஸைத் தாண்ட நினைத்தால் இன்ஜின் சத்தம் போடும், வேகம் மெதுவாகத்தான் ஏறும். முன்பு ஆல் வீல் டிரைவ் 5 கியர் மேனுவலோடு வந்தது, 2025 முதல் 6 கியர் ஆட்டோமேட்டிக்கோடு வருகிறது. மலை இறங்கும்போது அதை டிரைவிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், கியரைக் கீழே இறக்கி வாருங்கள்.

இன்னொரு பெயரையும் காதில் போட்டு வைக்கிறேன். மாருதியே 2025 செப்டம்பரில் கொண்டுவந்த விக்டோரிஸிலும் இதே இன்ஜின், இதே ஆல்கிரிப், ஆட்டோமேட்டிக்கோடு உண்டு. பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. அதே ஷோரூம் குடும்பம் என்பதால் நான் மேலே சொன்ன ஒர்க்‌ஷாப் கணக்கு மாறாது. விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

எப்போது வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். மார்கழியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், அதுவும் டிசம்பர் என்பதால் அந்த வருஷத்து ஸ்டாக்கைத் தள்ளிவிட டீலர்கள் விலையில் இறங்கி வருவார்கள். மூன்று வருஷத்தில் விற்கிறவருக்கு ஆர்சியில் பழைய வருஷம் இருப்பது நஷ்டம். 12 வருஷம் வைத்திருக்கப் போகிற உங்களுக்கு அந்த நஷ்டம் பொருட்டில்லை, தள்ளுபடி மட்டும் மிச்சம். மார்கழியில் விலை பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டு, தை பிறந்ததும் வண்டி எடுங்கள். இன்வாய்ஸ் போடும் முன் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் யார்டில் நின்ற வண்டி என்றால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள்.