‘பாவம், லே-ஆஃப் என்றே போட்டுவிடலாம்’: அந்தப் பதிலுக்கு என்ன விலை?

கேள்வி: டெக்சாஸில் சின்ன ரெஸ்டாரன்ட் நடத்துகிறேன். வருடத்துக்கு 20 பேருக்கு டபிள்யூ-2 (வருடச் சம்பளப் படிவம்) தருகிறேன். 2.7 சதவீதமாக இருந்த மாநில அன்எம்ப்ளாய்மென்ட் வரி (வேலை இழந்தவர்களின் உதவித்தொகைக்காக முதலாளி கட்டுவது) இந்த வருடம் 5.8 ஆகிவிட்டது. முன்பு விலகிய மூன்று சமையல்காரர்களுக்கும், பாவம், உதவித்தொகை ஏதாவது கிடைக்கட்டும் என்று, மாநிலம் கேட்டபோது ‘லே-ஆஃப்’ (வேலை இல்லாததால் நாங்களே நிறுத்தினோம்) என்றே பதில் போட்டேன். உண்மையில் இருவர் தாங்களாகவே போனவர்கள். ஒருவர் சொல்லாமல் நின்றதால் நிறுத்தப்பட்டவர். இப்போது மச்சினனும் தன்னை லே-ஆஃப் என்று காட்டிவிட்டு, கிச்சனில் ரொக்கத்துக்கு வேலை தரச் சொல்கிறான். மனைவி பெயரில் புது எல்எல்சி (தனி நிறுவனம்) தொடங்கினால் வரி பழையபடி 2.7க்கு வந்துவிடும் என்கிறார் ஒரு ஆலோசகர். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் உங்களுக்கு நிஜமான நஷ்டம் அந்த ‘பாவம்’ பதிலில்தான். அரசாங்கப் பணம்தானே, நமக்கென்ன என்று நினைத்திருப்பீர்கள். கணக்கைப் பாருங்கள்.

ஒரு சமையல்காரர் காலாண்டுக்கு 9,000 டாலர் சம்பளம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 25ஆல் வகுத்தால் வார உதவித்தொகை 360. 26 வாரமும் வாங்கினால் 9,360. அவருக்குக் கணக்கில் எடுக்கும் காலத்தில் நீங்கள் ஒருவரே முதலாளி என்றால், அத்தனையும் உங்கள் தலையில் சார்ஜ்பேக், அதாவது உங்கள் கணக்கில் ஏற்றப்படும்.

இந்த வரி ஓர் ஆளுக்கு வருடத்தின் முதல் 9,000 டாலர் மீதுதான். 20 பேருக்கு 1.8 லட்சம்; மூன்று வருடத்துக்கு 5.4 லட்சம். 9,360ஐ அதால் வகுத்தால் 1.73 சதவீதம். அது மூன்று வருடம் உங்கள் விகிதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வருடம் 3,120 வீதம் மொத்தம் அதே 9,360. அதாவது முழுத் தொகையையும் நீங்களேதான் திருப்பிக் கட்டுகிறீர்கள். மூன்று பேருக்கு 5.2 ஆகிறதா? மிச்சம், பொது நிதியை ஈடுகட்டச் சேர்க்கும் சில்லறை. உச்சவரம்பு 6.25. பாதியில் போனவர்களால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

ஏறிவிட்டதே என்று மாநில வரியைத் தள்ளிப்போடாதீர்கள். இதே காரணத்துக்கான மத்திய வரி, ஆளுக்கு முதல் 7,000 டாலருக்கு 6 சதவீதம். மாநில வரியை ஒழுங்காகக் கட்டியவருக்கு 5.4 கழிந்து ஆளுக்கு 42 டாலர்தான். படிவம் 940-க்கான (மத்திய வரிக்கான வருடாந்திரப் படிவம்) கெடு தாண்டி மாநில வரியைக் கட்டினால் கழிவில் 90 சதவீதமே கிடைக்கும். 42 என்பது 80ஐத் தொடும்.

இனி டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனிலிருந்து ‘ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார்’ என்று கடிதம் வந்தால் 14 நாளுக்குள் உண்மையை எழுதுங்கள். கெடு, கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து. உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தவறினால் மேல்முறையீட்டு உரிமையும் போகும். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் தோற்பீர்கள். திறமைக் குறைவு ஒழுங்கீனம் ஆகாது. கடைசிச் சம்பவம், அதன் தேதி, எந்த விதி, கையெழுத்து வாங்கிய எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் இவையே எடுபடும். தானாகப் போனவர் என்றால் அவர் அனுப்பிய டெக்ஸ்ட் மெசேஜை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி விசாரணைக்கு நேரில் பார்த்த மேனேஜரைப் பேச வையுங்கள். கேள்விப்பட்டதை நீங்கள் சொன்னால் எடை குறைவு. பழைய மூன்று பதில்களைத் திருத்துவதற்கு முன் தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அவை பொய்ப் பதில்கள்.

புது எல்எல்சி யோசனைக்கு ‘சூட்டா டம்பிங்’ (ஏறிய மாநில வரி விகிதத்தைப் புது நிறுவனம் காட்டித் தட்டிக்கழிப்பது) என்றே பெயர் உண்டு. 2004இல் வந்த மத்தியச் சட்டம் இதைத் தடுக்கத்தான். உரிமையாளர் குடும்பம் ஒன்றுதான் என்று தெரிந்தால் பழைய விகிதம் பின்னாலேயே வரும், அபராதமும் சேரும். ஆலோசகரின் ஃபீஸ் மட்டும் நிச்சயம். சட்டப்படி இருக்கும் வழி, விகிதக் கடிதம் தேதியிட்ட 60 நாளுக்குள் தானாக முன்வந்து கூடுதல் தொகை கட்டி விகிதத்தை இறக்குவது. அதுவும் மேலே பார்த்தபடி ஏறக்குறைய கட்டினதற்குச் சமமாகத்தான் திரும்பும். கையில் பணம் இருந்தால் பாருங்கள், கடன் வாங்கி வேண்டாம்.

மச்சினன் விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். உதவித்தொகை வாங்கிக்கொண்டே ரொக்கத்துக்கு வேலை செய்வது மோசடி. வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு 15 சதவீதம் அபராதம், கிரிமினல் வழக்குக்கும் இடமுண்டு. தெரிந்தே துணைபோன நீங்களும் மாட்டுவீர்கள். உண்மையிலேயே வியாபாரம் மந்தமென்றால் அவன் ஷிஃப்டைக் குறைத்து, பேரோலிலேயே வைத்திருங்கள். அவன் பகுதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வார உதவித்தொகையில் 25 சதவீதம் வரை சம்பாதித்தால் பிடித்தம் கிடையாது. சம்பாதித்ததை ஒவ்வொரு முறையும் கமிஷனிடம் சொல்ல வேண்டும். அந்தப் பணமும் உங்கள் கணக்கில்தான் ஏறும் என்பதை மனைவியிடம் இந்தக் காகிதத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.