மண்டபத்துக்கு எமர்ஜென்சி லைட்: இன்வர்ட்டர்ல நாலு பல்ப் போதுமா?

கேள்வி: எங்க ஊர்ல சின்னதா கல்யாண மண்டபம் வச்சிருக்கோம் சார். கீழ டைனிங், மாடில ஹால், 300 பேர் உக்காரலாம். ஜெனரேட்டரும் இருக்கு. லைசென்ஸ் ரினியூவலுக்கு ஃபயர் ஆபீஸ்ல எமர்ஜென்சி லைட் எங்கன்னு கேக்கறாங்க. இன்வர்ட்டர்ல இருந்து நாலு எல்இடி இழுத்துட்டா போதும்ங்கறார் எலக்ட்ரீஷியன். சரியா வருமா?

பதில்: வராதுங்க. அவர் சொல்றது கரண்ட் கட்டுக்கு ஓகே, ஆனா தீப்பிடிச்சு புகை வரும்போது 300 பேர் படி இறங்கறது வேற கதை. அந்த நாலு பல்பும் ஒரே இன்வர்ட்டர், ஒரே வயர், அந்த வயர் போற வழில தீன்னா நாலும் சேர்ந்தே போயிடும். அதுவும் இல்லாம சுவத்துல சுவிட்ச் இருக்கும், யாராவது அணைச்சிருப்பாங்க, மைக் செட்காரர் தன் ஆம்ப்ளிஃபையரையும் அதுலயே சொருகியிருப்பார்.

ஜெனரேட்டர் கதையும் அப்படித்தான். தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016, அதான் என்பிசி, கரண்ட் போன 5 செகண்டுக்குள்ள லைட் வரணும், எவ்வளவு சின்ன கட்டடமா இருந்தாலும் 90 நிமிஷம் எரியணும்னு சொல்லுது. கையால சேஞ்ச்ஓவர் போடற ஜெனரேட்டர்ல 5 செகண்ட் நடக்கற காரியமா, ஆபரேட்டர் அப்பதான் பந்தில உக்காந்து ரசம் ஊத்தச் சொல்லிட்டு இருப்பார்.

பேட்டரி உள்ளயே இருக்கற எமர்ஜென்சி லைட் யூனிட்டா வாங்குங்க. அதுக்கு சப்ளைய அந்தந்த இடத்து லைட் சர்க்யூட்லயே, சுவிட்சுக்கு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க, இதுதான் முக்கியம். சீரியல் லைட் போடறவங்களால மாடிப்படி எம்சிபி (லோடு ஏறினா தானா கட் ஆகற சுவிட்ச்) மட்டும் ட்ரிப் ஆச்சுன்னு வைங்க, ஊர்ல கரண்ட் இருக்கும், படி மட்டும் இருட்டு. யூனிட் அதே லைன்ல இருந்தாதான் அதுக்குத் தெரியும், உடனே எரியும். தனியா ஒரு லைன் இழுத்துக் குடுத்தா அது பேசாம சார்ஜ் ஏத்திட்டே இருக்கும்.

எங்க மாட்டறதுன்னா, படில ஒவ்வொரு திருப்பத்துக்கும் குறைஞ்சது ஒண்ணு, வாசக்கதவுக்கு உள்ளயும் வெளியவும், தரை மட்டம் மாறற இடம், பாத்ரூம் வழி, மெயின் போர்டு பக்கம். ஒரு யூனிட் செத்தாலும் அந்த இடம் முழு இருட்டாகக் கூடாது, அதனால படிக்கு ரெண்டா போடுங்க. வெளியேறற வழியோட நடுக்கோட்டுல, தரைமட்டத்துல 10 லக்ஸ் (லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்கற அலகு) வேணும். நான் போன ஒரு மண்டபத்துல எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தாங்க, ஆனா எக்ஸிட் போர்டு மேலயே ஜிகினா துணி கட்டி நடுவுல பிள்ளையார் தெர்மாகோல் வேற. டெக்கரேஷன் புக்கிங் ஃபார்ம்லயே போர்டை மறைக்கக் கூடாதுன்னு எழுதி கையெழுத்து வாங்கிடுங்க.

சர்டிபிகேட் விஷயத்துல நிறைய பேர் ஏமாறறாங்க. கடைக்காரர் தர்ற டெஸ்ட் ரிப்போர்ட் அந்த டப்பாவுக்குத்தான், உங்க கட்டடத்துக்கு இல்ல. லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரிகல் காண்ட்ராக்டரை ராத்திரி வரச் சொல்லுங்க, லைட் சர்க்யூட்டை ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி, லக்ஸ் மீட்டரைத் தரைல வச்சுப் பாக்கணும். ஆரம்பத்துல பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும், 90வது நிமிஷம் என்ன காட்டுதுங்கறதுதான் கணக்கு. எந்த யூனிட், எந்த இடம், எத்தனை லக்ஸ், இதெல்லாம் பிளான் வரைபடத்தோட எழுதிக் கையெழுத்து வாங்குங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவர் கிட்ட காட்ட அதுதான் உதவும்.

அப்புறம் ஒரு நோட்டு. மாசம் ஒருதடவை டெஸ்ட் பண்ணி எழுதுங்க, வருஷத்துக்கு ஒருதடவை முழு 90 நிமிஷமும் ஓட்டிப் பாருங்க. நம்ம ஊர் வெயில்ல, அதுவும் சீட்டுக் கூரைக்குக் கீழ, பேட்டரி சீக்கிரமே போயிடும், யூனிட்ல பச்சை லைட் எரியறதை நம்பாதீங்க. முழு டெஸ்டை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் வைக்காதீங்க, பேட்டரி திரும்ப ஃபுல்லா ஏற 24 மணி நேரம் வரைக்கும் ஆகும்.